பசி மஞ்சள்

மூடுபனியில் எல்லா நிறமும் போய்விட்டிருந்தது. பாறைமேட்டில் வண்டி நிறுத்தும் இடத்தின் செம்மண், லெய்டன் போட்டிருந்த சிவப்புக் கம்பளிச் சட்டை, வேலியோரத்துப் புதர்கள், பிளாஸ்க் மூடியில் ஆவி பறந்துகொண்டிருந்த தேநீர், கெர்ரின் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்ட சொந்தக் கை, எல்லாமே ஒரே சாம்பல் துணியில் வெட்டி எடுத்தவை போல இருந்தன. வண்டியின் பின்தட்டில் கட்டியிருந்த அலைச்சறுக்குப் பலகை மட்டும் மஞ்சளாக இருந்தது.

"அது மங்கவே இல்ல, பாரு," என்றாள்.

"எது?"

"போர்டு."

லெய்டன் கயிற்று முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான். "புது பெயின்ட்டு. அப்படித்தான் இருக்கும்."

அது பதில் இல்லை என்று அவளுக்குப் பட்டது. பலகைக்குப் பக்கத்திலேயே புதிதாக வாங்கிய நீல ஐஸ் பெட்டி இருந்தது. அதற்கு நிறம் போயிருந்தது. அவள் போய்ப் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஈரமாக, வழவழப்பாக, எதிர்பார்த்ததைவிடக் குளிராக இருந்தது. கையை எடுத்ததும், நிறம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். ஒட்டவில்லை.

அவளுக்கு நாற்பது வயதான அன்று லெய்டன் அதைப் பக்கத்து நகரமான போர்ட் லிங்கனிலிருந்து வாங்கிக் கொண்டுவந்து படுக்கையறைக் கதவில் சாய்த்து வைத்திருந்தான். அறை விளக்கில் அது வெண்ணெய் நிறமாகத் தெரிந்தது. அவளும் அவனை முத்தமிட்டு வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் கொட்டகையில் நின்ற அதைக் கடக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தபடி போனாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. அந்தக் கடற்கரையில் அதைச் சொல்லத் தேவையும் இல்லை. அலையில் சறுக்குகிறவர்கள் அந்த மஞ்சளுக்கு அங்கே ஒரு பேர் வைத்திருந்தார்கள்: பசி மஞ்சள். சுறாவுக்குப் பசியைக் கிளப்பும் நிறமாம்.

முந்தின நாள் சாயங்காலம் ஊர் பப்பில்தான் பேச்சு வெளியே வந்தது. அபலோன் சிப்பி எடுக்கக் கடலுக்குள் முங்குகிற வெர்ன் பக்கத்து மேசையில் இருந்தார். பிறந்தநாளுக்கு என்ன கிடைத்தது என்று விசாரித்தவர், நிறத்தைக் கேட்டதும் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"லெய்டன், இவளப் புடிக்கலன்னா வக்கீல்கிட்ட போயிருக்கலாமேப்பா."

"இவ உயரத்துக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு," என்றான் லெய்டன்.

"நான்கூட மஞ்சள்ல கால்துடுப்பு ஒரு ஜோடி வச்சிருந்தேன். இப்ப ஒத்தைதான் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சுறாக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அடிலெய்டிலிருந்து வந்து படகோடு தங்கியிருந்த இங்க்ரிட்டும் சிரித்தாள். அவளிடம்தான் கெர்ரின் கேட்டாள், உண்மையிலேயே நிறத்துக்கும் சுறா வருவதற்கும் சம்பந்தம் உண்டா என்று.

"அதுக்கு நிறம் தெரியுமாங்கறதே எங்களுக்குச் சந்தேகம்தான். வெளிச்சம் எது, இருட்டு எது, அந்த வித்தியாசம்தான் கண்ல படும். கீழேருந்து மேல பாக்கறப்போ போர்டு மஞ்சளா இருந்தா என்ன, ஊதாவா இருந்தா என்ன, எல்லாம் ஒரு கறுப்பு நிழல்."

"அப்போ எந்த நிறம் நல்லது?"

இங்க்ரிட் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டாள். "செவுத்துல மாட்டி வச்சிருக்கிற நிறம்."

மறுபடி சிரிப்பு. ஆனால் வெளியே போகும்போது, கதவருகே மேலங்கியை மாட்டிக்கொண்டே, இங்க்ரிட் தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னாள். "வெள்ளை, கறுப்பு, மஞ்சள், கோடு போட்டதுன்னு போர்டுங்களை வரிசையாத் தண்ணியில விட்டுப் பாத்தோம். எல்லாமே ஒருநாள் இல்லன்னா ஒருநாள் அடி வாங்குச்சு. ஒண்ணு மட்டும் என் கண்ல பட்டுச்சு. வரிசையை விட்டுத் தனியா நழுவிப் போகுது பாருங்க, அதுகிட்டதான் முதல்ல வரும். நிறம் எதுவானாலும்."

அதைக் கெர்ரின் லெய்டனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான். விதைப்பு தொடங்கியதிலிருந்து அவன் டிராக்டரை விட்டு இறங்கியதே இல்லை. முந்தின நாள் பெய்த மழையால்தான் இன்றைக்கு ஒரு காலைப்பொழுது கிடைத்திருந்தது. தெற்கேயிருந்து நல்ல அலை வருகிறது என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள். பனியெல்லாம் வெயில் ஏறினால் கலைந்துவிடும் என்று வண்டி ஓட்டும்போதே நாலைந்து தடவை சொல்லிவிட்டான்.

இப்போது அவன் பலகையை இறக்கி மண்ணில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லு கெர். மூஞ்ச அப்படி வச்சுக்காத."

"வேணாம்னு இல்ல."

"வெர்ன் சொன்னதுக்காகவா? அந்த மனுசன் வாழப்பழம் இருந்தாக்கூடக் கெட்ட சகுனம்னு படகுல ஏற மாட்டாரு."

அவன் மூச்சை விட்டு, தன் பழைய சாம்பல் நீலப் பலகையை இழுத்து அவள் பக்கம் தள்ளினான். "இத எடுத்துக்க. நான் அந்த மஞ்சள்ல போறேன். பொறந்தநாள் பரிசப் புருசனுக்கே திருப்பிக் குடுத்தவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்."

அவள் சிரித்தாள். அவனுடைய பலகையைக் கையில் வாங்கியதும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குள் இன்னொன்றும் இருந்தது, அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஏதாவது வந்தால் மஞ்சளிடம்தான் போகும். ரப்பர் உடுப்பை மாட்டி, கழுத்துக்குப் பின்னால் ஜிப்பின் பட்டையை இழுத்து ஏற்றும்வரை அந்த எண்ணத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தாள்.

பாறைச் சரிவில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். கீழே போகப்போகக் கடல்பாசி அழுகிய வாடை ஏறியது, வழக்கமான வாடைதான். அதோடு, பாதி வழியில், வெள்ளரிக்காய் நறுக்கிய மாதிரி ஒரு பச்சை மணம் லேசாக வந்து போனது. அலைகள் உடையும் ஓசை எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. கீழேயிருந்து வர வேண்டியது தலைக்கு மேலிருந்து வந்தது, பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து, பிறகு பாறைக்கு உள்ளிருந்தே வருவது போல. மணலில் கால் வைத்த பிறகுதான், இறங்கத் தொடங்கியதிலிருந்து ஒரு கடற்காக்கைகூடக் கத்தவில்லை என்பதைக் கவனித்தாள்.

"பறவையே இல்ல," என்றாள்.

"பனியில அதுங்களுக்கு மட்டும் என்ன தெரியும்? எங்கயாவது உக்காந்திருக்கும்." அவன் குனிந்து மஞ்சள் பலகையின் கால்கயிற்றைத் தன் கணுக்காலில் சுற்றி ஒட்டினான். பலகை கையை விட்டுப் போய்விடாமல் இருக்க அதன் வால்முனையிலிருந்து காலுக்கு வருகிற கயிறு அது, ஓர் ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. அவளும் தன்னுடையதைக் கட்டிக்கொண்டாள். அவன் முதலில் தண்ணீரில் இறங்கினான்.

தண்ணீருக்குள் போனதும் கரை இல்லாமல் போய்விட்டது.

அவள் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிக்கொண்டே, முன்னால் போகிற அந்த மஞ்சளைப் பார்த்தபடி பின்தொடர்ந்தாள். மஞ்சள் மட்டும் தெரிந்தது. அதன்மேல் படுத்திருந்தவனின் கறுத்த உடுப்பைப் பனி தின்றிருந்தது. உடையும் அலைகளைத் தாண்டி, நீர் உடையாமல் ஏறி இறங்கும் இடத்துக்கு வந்ததும் இருவரும் பலகைமேல் எழுந்து உட்கார்ந்து, கால்களை இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் தொங்கவிட்டார்கள். அவளுக்குத் தன் முழங்கால்வரைதான் தெரிந்தது. அதற்குக் கீழே இருந்த கால் தன்னுடையதுதானா என்று பார்க்க விரல்களை அசைத்தாள்.

"பேசிக்கிட்டே இரு," என்றான் லெய்டன். "சத்தம் கேட்டாப் போதும், தொலைய மாட்டோம்."

"என்ன பேசறது?"

"வீட்ல மட்டும் விஷயம் தேடிக்கிட்டா பேசற?"

வெள்ளரிக்காய் மணம் மறுபடி வந்தது, இப்போது நன்றாகவே. அவர்களுக்கு நடுவே தண்ணீர் ஓரிடத்தில் எண்ணெய் ஊற்றியது போல வழுவழுவென்று சமமாகிக் கிடந்தது. லெய்டன் மூக்கை உறிஞ்சினான்.

"சால்மன் கூட்டம். கீழதான் எங்கயோ போயிட்டிருக்கு."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். சால்மன் மீன் போகிற இடத்தில் அதன் பின்னால் எது போகும் என்பது அந்தக் கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே யாரும் தண்ணீரில் இருக்கும்போது அதன் பேரைச் சொல்ல மாட்டார்கள். சாம்பல் கோட்டுக்காரர் என்பார்கள், ஏதோ வங்கியில் வேலை பார்க்கிறவரைப் போல. கெர்ரின் அதையும் சொல்லவில்லை.

"ஒரு அலை," என்றான் அவன். "ஒண்ணு புடிச்சிட்டுத் திரும்பிடலாம். உன் மூஞ்ச வேற பாக்க முடியல."

அலை வந்தது. பனிக்குள்ளிருந்து வந்த அது, கண்ணுக்குத் தெரியும் முன்பே அவள் பலகையைத் தூக்கிவிட்டது. மஞ்சள் திரும்பி, சாய்ந்து, கீழே இறங்கிப் போனது. அவனுடைய குரல் உற்சாகமாக ஒருமுறை கூவிற்று, வளைந்து தூரம் போயிற்று. பிறகு அலை எங்கோ உடைந்து நுரைத்துச் சீறி அடங்கியது. அவன் திரும்பி வரும்வரை எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக இப்படித்தான் காத்திருக்கிறாள். கைவிரலால் பலகையின் மெழுகைச் சுரண்டிக்கொண்டு காத்திருந்தாள். கீழேயிருந்து குளிர் வேறு மாதிரி வந்தது, ஒரு கதவைத் திறந்து விட்டது போல, அவள் பாதங்களை மட்டும் தொட்டுப் போயிற்று.

"ஓய்," என்று கூப்பிட்டாள்.

"ஓய்," என்றான். இடது பக்கம். பக்கத்தில்தான். அவன் மூச்சிரைப்பதும் கை நீரைத் துழாவுவதும் கேட்டது. "பாத்தியா? தோணி மாதிரி போவுது இது. நீதான் விட்டுட்ட."

"பாக்கறதுக்கு எங்க தெரிஞ்சுது? வா, போலாம்."

"வர்றேன், வர்றேன்."

கை நீரைத் துழாவுவது நின்றது.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. அலறல் இல்லை. ஈரமான கோதுமை மூட்டையை வண்டியின் பின்தட்டில் போட்டது போல, கனமாக, ஒரே ஒரு சத்தம். நீர் எழும்பி மறுபடி நீரின்மேல் விழுந்தது. அதன் துளிகள் பனியைத் தாண்டி வந்து அவள் கன்னத்தில் பட்டன.

"லெய்டன்?"

"கெர்ரின்." அவன் குரல் நிதானமாக இருந்தது, சாப்பாட்டு மேசையில் உப்பு எங்கே என்று கேட்பது போல. அவன் அவளை முழுப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. "கால எடுத்து மேல வை."

"என்ன ஆச்சு?"

"கால மேல வை."

அவள் கால்களை இழுத்துப் பலகைமேல் வைத்தாள். பலகை ஆடியது. குப்புறப் படுத்து ஓரங்களை இறுகப் பிடித்துக்கொண்டாள். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி. அவள் குரல் பனியில் மோதி அவளிடமே திரும்பி வந்தது. அதற்குப் பதில் வரவில்லை.

அவனிடம் போக வேண்டும். இடது பக்கம்தான், நாலு முறை துழாவினால் போய்விடலாம். அதற்குக் கைகளைத் தண்ணீருக்குள் விட வேண்டும். விடு என்று சொன்னாள், வாய்விட்டே சொன்னாள். கைகள் பலகையின் ஓரத்தைப் பிடித்தபடியே இருந்தன. அவை வேறு யாருடையவோ போல, வெளுத்து, முட்டிகள் புடைத்து, அவள் சொன்னதைக் கேட்காமல் இருந்தன. பதினாறு வருஷம் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கியவன். நாலு முறை துழாவினால் போதும். அவள் அழுதாள், கைகளைப் பார்த்து அழுதாள். அவை அசையவில்லை.

அந்த நேரத்தில் அவள் நினைத்தது அவனையல்ல. இப்போது தண்ணீரின் மேல் தனியாக இருப்பது தான் ஒருத்திதான் என்று நினைத்தாள்.

இரும்பு வாடை வந்தது. நாக்கின் அடியில் நாணயத்தை வைத்தது போல. அலை எதுவும் வராமலே அவள் பலகை மெல்ல மேலே எழும்பியது. கீழே ஏதோ பெரியது கடந்துபோக, அது தள்ளிய நீர் பலகையைத் தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, மெதுவாகத் திரும்ப இறக்கியது. நெடுநேரம் இறக்கியது. அவ்வளவு நீளம் கடந்துபோக வேண்டியிருந்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். நெஞ்சு பலகையில் அடித்தது. அந்தச் சத்தம் பலகை வழியாகத் தண்ணீருக்குள் போகும் என்று தோன்றியது. நெஞ்சைத் தூக்க முயன்றாள். முடியவில்லை. கரை எந்தப் பக்கம்? அலை ஓசை எல்லாப் பக்கமும் இருந்தது. வண்டி மேலே நிற்கிறது, சாவி சக்கரத்துக்கு மேல். அவர்கள் இங்கே வந்தது யாருக்கும் தெரியாது.

அப்போது மஞ்சள் தெரிந்தது.

முன்னால். பனிக்குள். விளக்குப் போல.

"லெய்டன்," என்றாள், அவளுக்கே கேட்காத குரலில். இப்போது கைகள் கேட்டன. இரண்டும் தண்ணீருக்குள் இறங்கின. துழாவினாள். குளிர் தோள்வரை ஏறியது. பரவாயில்லை. அவன் பலகையில்தான் இருக்கிறான். மயங்கிக் கிடக்கிறான். பிடித்துக்கொள்வாள். இருவரும் சேர்ந்து போவார்கள். துழாவினாள். மஞ்சள் பெரிதாயிற்று.

பலகை படுத்திருக்கவில்லை.

நின்றுகொண்டிருந்தது. பாதிக்குமேல் தண்ணீருக்கு வெளியே, கூர்முனை வானத்தைப் பார்க்க, செங்குத்தாக. காற்று இல்லை. அது லேசாக ஆடியது, முன்னும் பின்னும், தலையசைப்பது போல.

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வால்முனையில் கயிறு. கயிற்றின் மறுமுனை அவன் கணுக்காலில். கீழே எடை இருக்கிறது. கயிறு இறுகியிருக்கிறது. அதனால்தான் நிற்கிறது.

அவன் இங்கேதான் இருக்கிறான். நேர் கீழே. பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கலாம். முங்கினால் அவிழ்த்துவிடலாம். அவள் கையை நீட்டினாள். விரல்கள் மஞ்சளைத் தொட இன்னும் ஒரு முழம் இருந்தது.

பலகை நகர்ந்தது.

மிதந்து போகவில்லை. நின்ற நிலையிலேயே, அலை வரும் திசைக்கு எதிராக, நீரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போனது. அதன் இரு பக்கமும் சின்னச் சின்ன மடிப்புகள் விரிந்தன. அவசரமில்லாமல் போனது. பனி அதை மூடியது. மூடிய பிறகும் மஞ்சள் கொஞ்ச நேரம் தெரிந்தது.

பிறகு அது வலது பக்கம் தெரிந்தது.

பிறகு பின்னால்.

அவள் கழுத்தை மட்டும் திருப்பினாள். இடது பக்கம். முன்னால். மறுபடி வலது. ஒவ்வொரு முறையும் நிறம் இன்னும் தெளிவாக இருந்தது. கைகளை எப்போது தண்ணீரிலிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை. அவை அவள் தாடைக்கு அடியில் இருந்தன. "வேணாம்," என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை. "வேணாம். தயவு செஞ்சு."

அவன் கீழே இருக்கிறான். அந்தப் பெரியது அவனைச் சுமந்துகொண்டுதான் சுற்றுகிறது. அவளால் எதுவும் செய்ய முடியாது. கத்த முடியாது. போக முடியாது. கண்ணை மூடவும் முடியவில்லை.

மஞ்சள் முன்னால் வந்து நின்றது. கைக்கெட்டும் தூரம். செங்குத்தாக. நீர் சொட்டியது. ஆட்டம் நின்றது.

பிறகு கயிறு தளர்ந்தது.

பலகை மெல்லச் சாய்ந்தது. தண்ணீரில் படுத்தது. ஒரு சின்னச் சத்தம், உள்ளங்கையால் தட்டியது போல. அவ்வளவுதான். எந்தக் காலைப்பொழுதிலும் எவரும் ஏறிப் படுக்கக் காத்திருக்கும் பலகையைப் போல அமைதியாக மிதந்தது.

அதன் வாலிலிருந்து கயிறு மேலே வந்தது. சுருள் சுருளாக. ஒவ்வொன்றாக நீர்மேல் மிதந்தது. பிறகு சுருள்கள் பிரிந்தன. கயிறு நேராயிற்று. அவள் பக்கம் நேராயிற்று.

அதன் மறுமுனை, இன்னும் இறுகியபடி, அவளுடைய பலகைக்கு அடியில் போயிருந்தது.